விலையின் மானம் காத்த சங்கம்

தங்கவயலில், மைசூர் மைன்ஸ் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் குடியிருக்கும் சம்பங்கிக்கு விலை சொல்ல வராது. கடவுள் சிலரைப் பாட்டு வராமல் படைக்கிறார், சிலரை நீச்சல் வராமல் படைக்கிறார்; சம்பங்கியைப் படைத்த நாளில் விலையை வைக்க மறந்துவிட்டார். பழைய சைக்கிளை விற்றபோதும் சரி, வாசல் முருங்கையில் காய்த்ததை யாராவது கேட்டபோதும் சரி, அவர் சொன்னது ஒன்றேதான்: "பாத்து குடுங்க." கேட்டவர்கள் பார்த்தார்கள், பார்த்த அளவுக்குக் கொடுத்தார்கள். சிலர் பார்க்காமலே போனார்கள். அவர்களுக்கும் சம்பங்கி கும்பிடு போட்டுத்தான் அனுப்பினார்.

பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்குவது அவர் வேலை. அவருடைய அப்பா தினமும் தங்கச் சுரங்கத்தின் கேஜ் என்ற கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்கினார். மகன் தினமும் ரயில் பிடித்துப் போய் வானத்தை நோக்கி ஏறுகிறார். சாயங்காலம் இருவரும் வந்து சேர்ந்த இடம் என்னவோ ஒரே தரைதான்.

அவர் மகள் இந்து டியூஷன் நடத்திய காலத்தில் ஒரு மைக் வாங்கியிருந்தாள். இடுப்பில் பெல்ட்டோடு கட்டிக்கொள்ளும் சின்ன ஸ்பீக்கர், தலையில் மாட்டிக்கொள்ளும் மைக். இப்போது அவள் பெங்களூரில் கணினி முன்னால் உட்கார்ந்து வேலை செய்கிறாள். அங்கே வாய் திறப்பதே குற்றமாம். மைக் அலமாரியில் கிடந்தது.

தள்ளுவண்டியில் காய்கறி விற்கும் ரோஜாவுக்கு அதே சமயத்தில் கழுத்தில் ஆபரேஷன் ஆனது. பக்கத்து ஊர் பேத்தமங்களாவிலிருந்து வரும் கீரையையும் கத்திரிக்காயையும் அவள் கூவி விற்றால் முன்பெல்லாம் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடு வரைக்கும் கேட்கும். ஆபரேஷனுக்குப் பிறகு கட்டி போயிற்று, கூடவே குரலும் போயிற்று. இப்போது தராசுத் தட்டை எடைக்கல்லால் தட்டிக்கொண்டு தெருத் தெருவாக வருகிறாள். தட்டுச் சத்தத்தைக் கேட்டுப் பழைய இரும்புக்காரன் என்று நினைத்து ஒருத்தி ஓட்டை வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். போதாததற்கு, பதிவு செய்த குரலை ஓயாமல் ஒலிக்கவிட்டுக்கொண்டு ஒரு சரக்கு ஆட்டோவும் தெருவுக்குள் நுழைந்துவிட்டது. அதன் தக்காளி ரோஜாவின் தக்காளியைவிட நல்லதல்ல. சத்தம் பெரிது, அவ்வளவுதான். சாயங்காலங்களில் அவள் வண்டி வாடிய கீரையோடு திரும்பிப் போவதைச் சம்பங்கி ஸ்டேஷனிலிருந்து வரும் வழியில் பார்த்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை நிறுத்தினார். "ரோஜாம்மா, எங்க இந்து வெச்சினு இருந்த மைக்கு ஒண்ணு சும்மா கீது. எடுத்துக்கினு போங்க."

ரோஜா கிட்டே வந்து, மூச்சைக் கூட்டிப் பேசினாள். "சும்மா வாணாம்ணா. வெல சொல்லுங்க. இன்னிக்கு நான் சும்மா வாங்குனா நாளிக்கு உங்கூட்டம்மா கீரய சும்மா கேப்பாங்க."

உள்ளேயிருந்து மனைவி ரத்தினம்மாவின் குரல் வந்தது. "நான் எப்பம்மா கேட்டேன்?"

"கேக்கலம்மா. கேட்டா இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வராது. அதுக்குத்தான்."

"செரி, பாத்து குடுங்க" என்றார் சம்பங்கி.

"எனக்கு இன்னாணா தெரியும் மைக்க பத்தி? கொறச்சி குடுத்தா உங்க வயிறு எரியும், ஜாஸ்தி குடுத்தா என் வயிறு எரியும். நாலு பேர கேட்டு நியாயமா ஒண்ணு சொல்லுங்க. வாங்கிக்கறேன்."

நாலு பேரைக் கேட்கிறேன் என்று சம்பங்கி வாக்குக் கொடுத்தார். அங்கேதான் தவறு நடந்தது. இந்தக் காலத்தில் நாலு பேர் தனியாக எங்கே கிடைக்கிறார்கள்? ஊரே ஒரு வாட்ஸ்ஆப் குழுவுக்குள் அல்லவா உட்கார்ந்திருக்கிறது!

குழுவின் பெயர் தங்கவயல் பழைய பொருள் நல்விலைச் சங்கம். ஊரில் யார் வீட்டில் எந்தப் பழைய பொருள் இருந்தாலும் அதற்கு நாகரிகமான விலை கிடைக்கச் செய்வதே அதன் நோக்கம் என்று முகப்பில் எழுதியிருந்தது. பதவிகள் எல்லாம் சுரங்கக் கணக்கில். புதிதாகச் சேர்பவர்கள் 'சர்ஃபேஸ்', அதாவது தரைமட்ட உறுப்பினர்கள். விதிகளை மதித்து நடந்தால் ஐந்தாம் லெவலுக்கு இறக்கப்படுவார்கள். இன்னும் மதித்தால் பத்தாம் லெவல். மற்ற ஊர்களில் மனிதர்கள் உயர்ந்து பெரியவர்கள் ஆவார்கள். இங்கே இறங்க இறங்கத்தான் பெருமை. எல்லோருக்கும் அடியில், நூறாம் லெவலில், தலைவர் சுந்தரராஜ் இருந்தார். சுரங்கம் மூடும்வரை அங்கே ஸ்டோர்ஸில் வேலை பார்த்தவர். சுரங்கத்துக்குள் ஒரு நாளும் இறங்கியதில்லை என்பார்கள்.

சர்ஃபேஸ் உறுப்பினரான சம்பங்கி மைக்கைப் படம் எடுத்துப் போட்டுக் கீழே எழுதினார்: "வணக்கம். காய்கறி விக்கற ரோஜாம்மாவுக்கு இத குடுக்கணும். நியாயமான வெல இன்னா?"

முதலில் நிறையக் கூப்பிய கைகள் வந்தன. பிறகு செயலாளர் மனோகர் வந்தார்.

"வணக்கம் ஐயா. விலை குறிப்பிடாமல் பொருளைக் காட்டுவது அநாகரிகம்."

"வெல தெரியாமத்தாங்க கேக்கறேன்."

"விலை தெரியாதவர் விலை கேட்பதும் அநாகரிகம்."

"அப்ப யாருதாங்க கேக்கலாம்?"

"விலை தெரிந்தவர்."

சம்பங்கி பயந்துகொண்டே இருநூறு ரூபாய் என்று எழுதினார். அவ்வளவுதான், குழு கொதித்தது. இது விலைக்கொலை என்றார் ஒருவர். இதே மாதிரி மைக்கை ஆயிரத்து எண்ணூறுக்குப் போட்டுவிட்டு இரண்டு தீபாவளியாகக் காத்திருக்கும் இன்னொருவர், தன் குடும்பத்தின் வயிற்றில் சம்பங்கி அடித்துவிட்டதாக எழுதி, அழும் முகம் போட்டார். கலங்கிப்போன சம்பங்கி இருநூறை அழித்துவிட்டு ஐந்நூறு என்று எழுதினார். எழுதிய விலையை ஏற்றுவது பேராசை என்றார் மனோகர். மறுபடியும் இருநூறாக்கினார். எழுதிய விலையை இறக்குவது கோழைத்தனம் என்றார் மனோகர். கடைசியில், பொருளோடு சங்க அலுவலகத்துக்கு வரும்படி உத்தரவு வந்தது.

"போவாதீங்க" என்றாள் ரத்தினம்மா. "மைக்க கொண்டுபோய் அந்த பொண்ணு வண்டியில வெச்சிட்டு வாங்க. இன்னாத்துக்கு சங்கமும் கிங்கமும்?"

"நாலு பேர் சொல்றத கேக்கறேன்னு சொல்லிட்டேனே" என்றார் சம்பங்கி. பெரியவர்கள் கூடி உட்கார்ந்தால் அங்கே நல்லது பிறக்கும் என்று நம்புகிற மனிதர் அவர். கோயிலிலும் அப்படித்தான் உட்காருவார், யார் பேசினாலும் கையைக் கட்டிக்கொண்டு.

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு துணிக்கடையின் பின்னறைதான் அலுவலகம். சுந்தரராஜ் மைக்கை வாங்கித் திருப்பிப் பார்த்து, மேசையின் இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார்.

"இன்னாபா சம்பங்கி, வாங்கறவங்க யாரு? நம்ம மெம்பரா?"

"இல்ல சார். அவங்க கிட்ட பட்டன் போனுதான் கீது."

"அப்ப அவங்க பேர்ல பேரம் பேச ஒருத்தர் வேணும். மனோகர், நீ குந்து."

மனோகர் எதிரே உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவர் முகம் மாறி, ரோஜாவின் பிரதிநிதியாகிவிட்டது.

"விற்பவர் சொல்லலாம்" என்றார் சுந்தரராஜ்.

"இருநூறு சார்."

மனோகர் நெஞ்சில் கைவைத்தார். "என் தரப்பு அம்மா பிச்சைக்காரி இல்லை. நானூறு."

"அய்யோ, வாணாங்க. நூத்தம்பது போதும்."

"பாருங்கள் தலைவரே, இழிவு செய்கிறார்! அறுநூறு."

"சார், அவங்க கிட்ட அவ்ளோ கெடயாது சார்!"

"இல்லை என்று இவர் எப்படிச் சொல்லலாம்? வாங்குபவரின் தன்மானம் என்ன ஆவது? எண்ணூறு."

தான் வாயைத் திறக்கத் திறக்க ரோஜாவுக்கு விலை ஏறுகிறது என்று சம்பங்கிக்குப் புரிந்தது. வாயை இறுக்க மூடிக்கொண்டார்.

"மௌனம் சம்மதம்" என்றார் சுந்தரராஜ். "ஆனா விக்கறவரு வருத்தம் தெரிவிக்கலையே? பொருள குடுக்கறப்ப ஒரு தடவையாவது வருத்தப்படணும்ப்பா. அதான் மொறை. உனக்கு வருத்தம் இருக்கா?"

"ரொம்ப வருத்தமா கீது சார்."

"எதுக்கு?"

"எல்லாத்துக்கும் சார்."

மனோகர் அதைக் குறித்துக்கொண்டார். சம்பங்கி எழுந்து கைகூப்பினார். "சார், தப்பா நெனச்சிக்காதீங்க. மைக்க குடுத்துடுங்க. நான் அவங்களுக்கு சும்மாவே குடுத்துட்றேன்."

 மனோகர் கண்களை மூடிக்கொண்டார். சுந்தரராஜ் மெதுவாக எழுந்து நின்றார்.

"அந்த வார்த்தைய இந்த ரூம்ல இதுவரிக்கும் யாரும் சொன்னதில்ல" என்றார். "இது பின்னறை தாங்கற விஷயம் இல்ல. பொதுக்குழு கூட்டணும்."

மறுநாள் ரயிலில் நோயல் இதைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். ஊர்காம் ஸ்டேஷனில் சம்பங்கி ஏறுவதற்குள், ரயில் புறப்படும் மாரிக்குப்பத்திலேயே ஏறிக் கைக்குட்டை போட்டு அவருக்கு இடம் பிடித்து வைப்பவன் நோயல்தான். அந்தப் பெட்டியில் பாதிப் பேர் சங்கத்து உறுப்பினர்கள்.

"ணா, பொதுக்குழுவுல வாயே தொறக்காதீங்க. உங்கள குழுவுல இருந்து எடுத்துட்டா, மெம்பருங்க யாரும் உங்களுக்கு எதையும் வெல இல்லாம குடுக்கக் கூடாது. நான் புடிச்சி வெக்கற சீட்டும் அதுல சேத்தி. பெங்களூர் வரிக்கும் நின்னுகினு போவணும்ணா."

"நான் நின்னுக்கறேன் நோயலு. அந்தம்மா இன்னா பண்ணுவாங்க?"

நோயல் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

பொதுக்குழு ஒரு கல்யாண மண்டபத்தில் கூடியது. 'சும்மா: ஒரு சமூகச் சீர்கேடு' என்று மேடையில் பெரிய துணி கட்டியிருந்தார்கள். ரோஜாவும் வந்திருந்தாள். வண்டியை வெளியே நிறுத்திவிட்டு, கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோடு நின்றாள். மண்டபத்து மைக் வேலை செய்யவில்லை. ஆகவே வழக்குக்குரிய மைக்கையே சோதனை பார்த்ததாகவும் இருக்கும் என்று சுந்தரராஜ் இடுப்பில் கட்டிக்கொண்டார். பெல்ட் போதவில்லை, மனோகர் ஒரு சணல் கயிறு கொடுத்து உதவினார்.

"பெரியோர்களே" என்று தொடங்கினார் சுந்தரராஜ். "நான் இரக்கத்துக்கு எதிரி இல்லை. என் வீட்டில் நாய்க்குக்கூடச் சோறு போடுகிறோம். ஆனால் இரக்கத்துக்கு ஒரு விலை இருந்தால்தானே அதற்கு மரியாதை? இன்று ஒருவர் மைக்கைச் சும்மா கொடுப்பார். நாளை ஒருவர் குக்கரைச் சும்மா கொடுப்பார். மறுநாள் ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தால் நம் சங்கம் எதற்கு? நீங்களே சொல்லுங்கள்!"

கைதட்டினார்கள்.

"இந்தச் சங்கம் தொடங்கிய நாள் முதல் இன்றுவரை ஒரு பொருள்கூடத் தவறான விலைக்கு விற்கப்படவில்லை என்பதைப் பெருமையோடு சொல்வேன். ஏன்? ஒரு பொருள்கூட விற்கப்படவே இல்லை! வாங்க வந்தவர்கள் போனார்கள், விற்க வந்தவர்கள் போனார்கள். விலை மட்டும் அசையாமல் நின்றது. அதன் மானத்தை நாம் காத்தோம்!"

மண்டபம் எழுந்து நின்று தட்டியது. சம்பங்கியும் எழுந்து நின்றார். எல்லோரும் நிற்கும்போது உட்கார்ந்திருந்தால் மரியாதையாக இருக்காதே என்றுதான். தலைவருக்குப் பின் மனோகர் பேசினார். அவருக்குப் பின் ஆயிரத்து எண்ணூறுக்காரர் பேசினார். பிறகு மற்ற லெவல்காரர்கள் எல்லோரும் லெவல் வரிசையில் பேசினார்கள். கயிறு ஓர் இடுப்பிலிருந்து இன்னோர் இடுப்புக்கு மாறிக்கொண்டே இருந்தது.

கடைசியாக, நாகரிகம் கருதி, வாங்குபவருக்கும் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார் சுந்தரராஜ்.

ரோஜா முன்னால் வந்தாள். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு பேசினாள். உதடு அசைந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. முதல் வரிசைக்கே எதுவும் எட்டவில்லை.

"கேக்கலையே" என்றார்கள் நடுவிலிருந்து.

சம்பங்கிக்குப் பொறுக்கவில்லை. "சார், அந்த மைக்க கொஞ்சம் அவங்க கையில குடுங்க சார். பேசட்டும்."

மனோகர் தலையை ஆட்டினார். "பணம் செலுத்துமுன் வாங்குபவர் பொருளைப் பயன்படுத்துவது முறையல்ல."

ரோஜா இன்னும் கொஞ்சம் பேசிப் பார்த்தாள். பிறகு நிறுத்திக்கொண்டாள்.

"வாங்குபவர் தரப்பில் ஆட்சேபணை எதுவும் இல்லை" என்று அறிவித்தார் சுந்தரராஜ். "ஆகவே தீர்மானம் நிறைவேறியது. இந்த மைக் இப்போது சாதாரண மைக் அல்ல. சங்கத்தின் வரலாற்றுக் கூட்டத்தில் தலைவரின் குரலைச் சுமந்த மைக். எண்ணூறு இதற்கு அவமானம். இதன் விலை இனி மூவாயிரம் ரூபா..."

'ய்' வரவில்லை. ஸ்பீக்கர் கொர்ரென்று ஒரு சத்தம் போட்டு அடங்கிவிட்டது. பேட்டரி உப்பி, பின் மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்திருந்தது. அதற்குப் பிறகு சுந்தரராஜ் சொன்னது எதுவும் பின்வரிசைக்குக் கேட்கவில்லை. ஆனாலும் கைதட்டினார்கள், பழக்கம்.

ரோஜா சுவரில் சாய்ந்து சிரித்தாள். அவள் தோள்கள் குலுங்கின, கண்ணில் நீர் வந்தது, சத்தம் மட்டும் வரவே இல்லை. சம்பங்கியைப் பார்த்துக் கையை அசைத்தாள். விடுங்கள் அண்ணா என்று அர்த்தம். வெளியே போய் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். அந்தச் சிரிப்பில் எவ்வளவு சிரிப்பு, எவ்வளவு வேறு என்று பிரித்துப் பார்க்கச் சம்பங்கிக்குத் தைரியம் வரவில்லை.

பிறகு மைக் திருப்பித் தரப்பட்டது, மூவாயிரம் என்று எழுதிய அட்டை ஒன்றைத் தொங்கவிட்டு. சம்பங்கி கொண்டுபோய்க் காட்டியபோது, பழுது பார்ப்பவன் அதை வாங்கி ஆட்டிப் பார்த்தான். "யாரு சார் இதுல இவ்ளோ நேரம் பேசுனது? உள்ள எல்லாமே எரிஞ்சி கீது. தூக்கி போடுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் சம்பங்கி குளித்து, திருநீறு பூசி, முருகன் படத்துக்கு முன்னால் கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றார். சரக்கு ஆட்டோ அப்போதுதான் தெருவைக் கடந்து போயிருந்தது. தொலைவில் தராசுத் தட்டின் சத்தம் கேட்டது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய் வண்டிக்கு முன்னால் நின்றார்.

"இன்னாணா?" என்று ரோஜா கண்ணால் கேட்டாள்.

"நீங்க தள்ளுங்க. நான் கூவறேன்."

கூவுவது அவருக்கு எங்கே வரும்? லிஃப்டுக்குள் இத்தனை வருடமாக அவர் பேசியதெல்லாம் எந்த மாடி, எந்த மாடி என்பதுதான். அதுவும் பெரிய மனிதர்களின் காதுக்கு உறுத்தாத குரலில். அந்தக் குரலிலேயே தொடங்கினார். "கத்திரிக்கா... வெண்டக்கா..." என்று மாடி மாடியாக அறிவிப்பதுபோல் மரியாதையாகச் சொல்லிக்கொண்டு நடந்தார். வாசல் தெளித்துக்கொண்டிருந்தவர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

"இன்னா சம்பங்கிணா, கத்திரிக்கா எத்தினியாவது ஃப்ளோருல கீது?" என்று ஒருத்தி கேட்டாள். கேட்டவள் கேட்டபடியே முறத்தோடு வந்து அரைக்கிலோ வாங்கினாள். அவளைப் பார்த்து எதிர்வீட்டுக் கதவு திறந்தது. இரண்டாவது தெருவில் சம்பங்கியின் குரல் கொஞ்சம் தடித்தது. மூன்றாவது தெருவில், நாய் ஒன்று குரைக்கும் அளவுக்கு உயர்ந்தது.

வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்தபோது ரோஜா ஒரு கட்டு கொத்தமல்லியை எடுத்து, தண்ணீர் உதறி, அவர் கையில் வைத்தாள்.

"இது இன்னாத்துக்கு ரோஜாம்மா?"

ரோஜா கிட்டே வந்து மூச்சைக் கூட்டினாள். "பாத்து குடுத்தேன்."

மைசூர் மைன்ஸில் நடப்பது சங்கத்துக்குத் தெரியாமல் போகுமா? மதியத்துக்குள் படத்தோடு செய்தி வந்துவிட்டது. உறுப்பினர் சம்பங்கி தமது குரலை ஒரு கட்டு கொத்தமல்லிக்கு விற்றதன் மூலம், ஊரில் குரலின் விலையையே சீர்குலைத்துவிட்டதாகவும், விளக்கம் தரும்வரை அவர் நீக்கி வைக்கப்படுவதாகவும் எழுதியிருந்தார் மனோகர். கீழே நிறையக் கூப்பிய கைகள். விளக்கம் எழுதலாம் என்று சம்பங்கி எழுத்துகளைத் தேடுவதற்குள் குழு அவர் கைப்பேசியிலிருந்து மறைந்துவிட்டது.

திங்கட்கிழமை ரயிலில் கைக்குட்டை இல்லை. தெரிந்த முகங்கள் எல்லாம் அவசரமாகத் தூங்கின. சம்பங்கி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இந்நேரம் சரக்கு ஆட்டோ போயிருக்கும், அதன் பின்னால் தட்டைத் தட்டிக்கொண்டு அந்த வண்டி போகும் என்று நினைத்தார். வாரத்தில் ஒரு ஞாயிறுதான் வருகிறது. மற்ற நாட்களுக்கு முருகா, நான் என்ன செய்வேன் என்று கேட்டுக்கொண்டார்.  பங்காருபேட்டை வந்தது, போனது.

அவர் பையிலிருந்து கொத்தமல்லித் துவையலின் வாசனை மெல்லக் கிளம்பியது. பக்கத்து இருக்கையின் விளிம்பில் உட்கார்ந்திருந்த நோயல் தூக்கத்திலேயே மூக்கை உறிஞ்சினான். பிறகு ஒரு கண்ணைத் திறந்தான்.

"ணா, அந்தம்மா குடுத்ததா?"

"ஆமா."

நோயல் அரைச் சாண் நகர்ந்தான். அது இடம் என்று சொல்ல முடியாது. யாராவது கேட்டால் ரயில் ஆட்டியது என்று சொல்லிவிடலாம். சம்பங்கி அதில் ஒண்டி உட்கார்ந்தார்.

"இன்னிக்கு யாரு கூவறாங்க?" என்று முன்னால் பார்த்தபடியே கேட்டான் நோயல்.

"யாரும் இல்ல. தட்டுதான்."

நோயல் பெட்டியின் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்து, சங்கத்தார் எல்லோரும் நன்றாகத் தூங்குகிறார்களா என்று உறுதி செய்துகொண்டான். பிறகு, ரோஜாவுடைய குரலைவிடவும் சின்னதாக ஒரு குரலில் சொன்னான்:

"எனக்கு சனிக்கிழமையும் லீவுணா."